ஃப்ளஷ் டேங்க் நிறையும் வரை

எங்கள் வீட்டுக் கக்கூஸில் இருக்கும் ஃப்ளஷ் டேங்க் ஒன்றரை வருடம் மந்தமாகவே நிறைந்துகொண்டிருந்தது. ரிப்பேர் என்றும் அதைச் சொல்ல முடியாது. ஒருமுறை அழுத்தினால் தண்ணீர் நன்றாகவே கொட்டும். மறுபடி நிறைவதற்குத்தான் இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். சளசளவென்று விழ வேண்டிய தண்ணீர், ஜலதோஷம் பிடித்தவன் மூக்கு மாதிரி ஒழுகிக்கொண்டிருக்கும்.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழாய்க்குக் கீழே ஒரு பெரிய பக்கெட் எப்போதும் நிறைந்து நிற்கும். டேங்க் நிறையவில்லையென்றால் பக்கெட்டைத் தூக்கி ஒரே ஊற்று, தீர்ந்தது வேலை. பக்கெட்டைத் திரும்பக் குழாய்க்கடியில் வைத்துத் திறந்துவிட்டால் அடுத்த ஆளுக்குத் தயார். இப்படியே பழகிவிட்டது. பழகிய பிறகு அது ஒரு கோளாறு என்பதே மறந்துபோனது.

என் வீட்டுக்காரர் பம்ப்செட் செய்யும் கம்பெனியில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்ப்பவர். ஆயிரம் அடி போர்வெல்லிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவருவது எப்படி என்று அவரைக் கேட்டால் சாப்பாட்டை மறந்து பேசுவார். அவர் வீட்டு டேங்கில் இரண்டு அடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. பிளம்பரைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த அற்ப வேலைக்கு ஆள் கூப்பிட்டால் வெளியில் தலைகாட்ட முடியாது என்பார். ஞாயிற்றுக்கிழமை தானே பார்த்துவிடுவதாகச் சொல்வார். இந்தக் கோயமுத்தூரில் ஸ்பேனர் பிடித்த ஆண்களில் பாதிப் பேருக்கு இந்த வீம்பு உண்டு. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நானும் பக்கெட்டைத் தூக்கி ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியவள்தான். கணக்கு டீச்சர். ஏழே முக்காலுக்கு பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

இதற்கு நடுவில்தான் அப்பா வந்தார்.

அப்பா உடுமலைப்பேட்டையில் தனியாக இருந்தார். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவர். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். வயதாகிக் கடையை விட்டுவிட்டார். அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் ஒரே பெண். எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அப்பன் போய் உட்காருவது அவ்வளவு சுலபமில்லை. காலையில் வந்து மத்தியானம் சாப்பிட்டுச் சாயங்காலம் கிளம்பினால்தான் மரியாதை. ஒரு ராத்திரி தங்கினாலே ஊரில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அப்பா ஒவ்வொரு முறையும் 'பாக்கலாமுங்க' என்று சொல்லி நழுவிக்கொண்டிருந்தார்.

தை மாதம் அவருக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. கோயமுத்தூரிலேயே செய்தோம். மூன்று மாதம் ஓய்வு வேண்டும், எந்தக் கனத்தையும் தூக்கக் கூடாது, ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தொடக் கூடாது, முக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். மூன்று மாதம் என்று சாக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்து, பழக்கிவிட்டு, அப்படியே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். நான் பக்கத்தில் இல்லாமல் அம்மா போன மாதிரி அவரும் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் மனதில் இருந்தது. தெருப்பக்கத்து அறையைச் சுத்தம் செய்து, புதுப் பாய், பவானி ஜமக்காளம், தலைமாட்டில் ஒரு ஃபேன் என்று எல்லாம் தயார் செய்தேன். கக்கூஸை நினைக்கவே இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு கக்கூஸ். ஒன்று என் மாமியார் அறைக்குள் இருக்கிறது. மற்றது ஹாலை ஒட்டி இருப்பது. நானும் வீட்டுக்காரரும் அதைத்தான் உபயோகிக்கிறோம். அப்பாவுக்கும் அதுதான்.

கல்யாணமான மறுநாளிலிருந்து அப்பா என்னை 'நீங்க' என்றுதான் சொல்கிறார். அதுவரை 'வா, போ' தான். இன்னொரு வீட்டுக்குப் போன பெண் என்பதால் வந்த மரியாதை. எங்கள் வீட்டில் அவர் நடந்துகொண்டதும் அப்படித்தான் இருந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் சொல்ல மாட்டார். மாமியார் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தால் குறுக்கே போகாமல் அறையிலேயே காத்திருப்பார். குளித்த துண்டை யாருக்கும் தெரியாமல் கொல்லையில் மூலையில் போய் உலர்த்துவார்.

வந்த நாலாம் நாள் காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அம்மணி, அந்த ஃப்ளஷ் டேங்க்ல தண்ணி மெதுவா ஏறுதுங்க. ஒரு பத்து நிமிசத்து வேலைதான். நான் பாத்துப்போடட்டுங்களா?"

எனக்குப் பதறிவிட்டது. ஹாலில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். சம்பந்தி வீட்டுக்கு வந்த மனிதர் கக்கூஸ் டேங்குக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால்? தான் செய்யாத வேலையை மாமனார் வந்து செய்ய வேண்டியதாகிவிட்டதே என்று அவருக்கு முகம் சுண்டிவிடாதா? ஒரு நொடியில் இதெல்லாம் மண்டைக்குள் ஓடியது.

"ஒரம்பரைக்கு வந்துட்டு யாராச்சும் கக்கூஸ்ல கைய உடுவாங்களாப்பா? சும்மா இருங்க. அதெல்லாம் அவரு பாத்துக்குவாரு," என்றேன்.

ஒரம்பரை என்றால் விருந்தாளி. பெற்ற அப்பாவை நிரந்தரமாக வைத்துக்கொள்ளத் திட்டம் போட்ட நான், அவரை விருந்தாளி என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் "சேரிங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகுதான் அப்பா கக்கூஸில் அதிக நேரம் இருக்கிறார் என்பதைக் கவனித்தேன். உள்ளே போனால் அரை மணி. சில நாள் அதற்கும் மேல். நடுவில் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்கும். பிறகு நிசப்தம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே, மனிதர் உள்ளே உட்கார்ந்து முக்கிக்கொண்டிருக்கிறார், தையல் பிரிந்துவிடும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கணக்கு டீச்சருக்கு விடை சீக்கிரம் கிடைத்துவிடும், அது தப்பாக இருந்தாலும்.

அன்றிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. காலையில் பப்பாளி. ராத்திரி இரண்டு பூவன்பழம். படுக்கும்போது வெந்நீரில் கடுக்காய்ப்பொடி. கீரை இல்லாத நாளே கிடையாது. அப்பா எதையும் மறுக்கவில்லை. கொடுத்ததையெல்லாம் தின்றார். அதனால் கக்கூஸுக்கு ஒருமுறை போக வேண்டியவர் மூன்று முறை போக வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் அரை மணி. இதை இப்போது எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, அந்தச் சிரிப்பின் மேல் அருவருப்பும் வருகிறது.

ஒருநாள் காலை ஏழரைக்குக் கதவைத் தட்டினேன். வீட்டுக்காரர் ஆபீஸ் கிளம்ப வேண்டும், எனக்குப் பஸ், இருவரும் வரிசையில் நிற்கிறோம். முதலில் மெதுவாகத்தான் தட்டினேன். இரண்டாவது முறை கொஞ்சம் பலமாக.

"அப்பா, இன்னும் எவ்வளவு நேரமுங்க?"

"ஆச்சுங்க அம்மணி, ஆச்சு," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஆகவில்லை. இன்னும் ஐந்தாறு நிமிஷம் கழித்துத்தான் ஃப்ளஷ் கொட்டும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்தவரின் நெற்றி வியர்த்திருந்தது. என்னைப் பார்க்காமல், மாப்பிள்ளையைப் பார்த்து "மன்னிச்சுக்குங்க" என்றார். என் அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்போதும் எனக்கு எரிச்சல்தான் இருந்தது. பஸ் போய்விடுமே என்ற எரிச்சல்.

அதற்குப் பிறகு அவர் நாலரை மணிக்கே எழுந்து போய்வர ஆரம்பித்தார். தலைமாட்டில் நான் வைக்கும் சொம்புத் தண்ணீர் மறுநாள் காலையில் அப்படியே இருந்தது. சாயங்காலக் காபி வேண்டாம் என்றார். நெஞ்சு கரிக்கிறது என்று காரணம் சொன்னார். நான் அதற்கும் சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். அதையும் குடிக்கவில்லை.

இருபத்தேழாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்தில் தேங்காய் வெட்டுகிறார்களாம், வீட்டைப் பூட்டிப்போட்டால் சரிப்படாதாம். தேங்காய் வெட்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? அது இவர் தோட்டம்கூட இல்லை. பொய் என்று அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் என்று சொன்னது ஒரு மாதம்கூட ஆகவில்லை. நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்ற என் திட்டம் கண்ணெதிரே கலைந்துபோகிறது.

"என்ற ஊடு உங்களுக்குப் புடிக்கலைன்னா நேராச் சொல்லிப்போடுங்க. தேங்காய் மேல எதுக்குப் பழி போடறீங்க?" என்றேன்.

"அப்படியெல்லாம் இல்லீங்க கண்ணு. உங்க ஊட்ல என்ன கொறைங்க? மகாலட்சுமியாட்ட ஊடு," என்றார்.

வீட்டுக்காரர்தான் அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். நான் வாசல்வரைகூடப் போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அப்பா கிளம்பும்போது அறை வாசலில் நின்று "போயிட்டு வாரேனுங்க அம்மணி" என்று சொன்னது கேட்டது. தூங்குவதுபோல் கிடந்தேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

பிறகு பல மாதம் வாரத்துக்கு ஒரு ஃபோன், சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், வைத்துவிடட்டுமா, அவ்வளவுதான். கேட்டவர்களிடமெல்லாம் அப்பாவுக்கு என்னைவிட அவர் ஊர்தான் பெரிது என்று சொல்லித் திரிந்தேன். ஸ்டாஃப் ரூமில் ஒருமுறை அழுததுகூட உண்டு. பாவம் என்று எல்லோரும் எனக்குத்தான் சொன்னார்கள்.

ஆடி மாதம் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டு, முழங்கைவரை மாவுக்கட்டுப் போட்டார்கள். எதையும் தூக்கக் கூடாது என்றார்கள்.

மறுநாள் காலையில் கக்கூஸுக்குப் போனேன். அழுத்தினேன். தண்ணீர் கொட்டியது, ஆனால் ஒரு தரத்தில் போகவில்லை. வழக்கம்போல் பக்கெட்டைப் பார்த்தேன். இடது கையால் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினேன். ஏழெட்டு மக் ஊற்றியும் பிரயோஜனம் இல்லை, தண்ணீர் சுற்றிக்கொண்டு நின்றது. வெளியில் ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் யாரோடோ பேசிச் சிரித்தார். எனக்கு அடுத்து வீட்டுக்காரர் வரவேண்டும். இப்படியே விட்டுவிட்டு எப்படி வெளியே போவது? டேங்க் நிறையட்டும் என்று நின்றேன்.

அது ஒழுகிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்பா முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவர் எழுந்து, கழுவி, வேட்டியைக் கட்டிக்கொண்டு, இதே இடத்தில், இதே மாதிரி டேங்கைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்து தலையாட்டியவள் நான். அந்தப் பக்கெட்டைத் தினமும் தூக்கியவளும் நான்தான். இரண்டையும் சேர்த்து ஒருமுறைகூட யோசிக்கவில்லை. மகள் வீட்டில், மாப்பிள்ளை உபயோகிக்கிற இடத்தில், தன் அசுத்தத்தை விட்டுவிட்டு வரக் கூடாது என்று அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் காத்து நின்றிருக்கிறார். நான் கதவைத் தட்டியிருக்கிறேன். பப்பாளி நறுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். வெளியிலிருந்து வீட்டுக்காரர் தட்டினார். ஆச்சு, ஆச்சு என்றேன்.

அன்று மத்தியானம் மாமியாரிடம் இதைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. அப்பா டேங்கைச் சரிபண்ணட்டுமா என்று கேட்டதையும், அத்தை என்ன நினைப்பீர்களோ என்று நான் தடுத்ததையும் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நான் என்ன நெனைக்கப் போறேன்? தொழில் தெரிஞ்ச மனுசன், பாத்துக் குடுத்திருந்தா நல்லதாப் போச்சு. சம்பந்தி தண்ணியே குடிக்கறதில்லைன்னு எனக்கும் தோணுச்சு. உன்ற அப்பா, உனக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்," என்றார். எந்த மாமியாருக்குப் பயந்து அப்பாவின் கையைக் கட்டினேனோ, அந்த மாமியார் கவனித்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்வதற்குள், நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இடது கை இருக்கிறது. கட்டுக்கு வெளியே வலது கையின் விரல்கள் இருக்கின்றன. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, கைகழுவும் பேசின்மேல் வைத்து, அப்பாவைக் கூப்பிட்டேன். வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருப்பதைச் சொல்லி, டேங்க் மெதுவாக நிறைகிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். பக்கத்துக் குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். அப்படியானால் லைனில் கோளாறில்லை, டேங்குக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில் ஒரு சின்னச் சல்லடை இருக்கும், போர்த் தண்ணீர் உப்பு அதில் அடைத்திருக்கும், அவ்வளவுதான் என்றார்.

"மொதல்ல தண்ணிய நிறுத்தோணுமுங்க அம்மணி. இடது பக்கத்துல செவுத்தை ஒட்டினாப்ல திருகு இருக்குதுங்கல்ல, அது நெம்ப இறுக்கமா இருக்கும். ஈரத் துணியச் சுத்திப் புடிச்சுத் திருகுங்க."

துணியைச் சுற்றினேன். உண்மையிலேயே இறுக்கமாகத்தான் இருந்தது. பாதி திருகியபோது கேட்டேன்.

"ஏனுங்கப்பா, இது இறுக்கமா இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"சும்மா தொட்டுப் பாத்தேனுங்க. திருகலை. நீங்க வேண்டாம்னு சொல்லீட்டீங்கல்ல," என்றார்.

அதில் குற்றம் சொல்லும் தொனி துளிகூட இல்லை. அவர் பாட்டுக்கு அடுத்த வேலையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். டேங்குக்குப் போகும் பைப்பின் பிளாஸ்டிக் மரையைக் கழற்றினேன். உள்ளே சுண்டுவிரல் நுனியளவு சல்லடை. தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து நெம்பி வெளியே எடுத்தேன். சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை வெளேரென்று அடைத்திருந்தது. கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு பிழிந்து ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டைகள் தெரிந்ததும் திரும்ப மாட்டினேன். ஊறிய நேரத்தைக் கழித்தால், ஒற்றைக் கையோடு கால் மணி நேர வேலை. திருகைத் திறந்ததும் டேங்குக்குள் தண்ணீர் இரைந்து விழுந்தது. அந்தச் சத்தம் ஃபோனில் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"நெறையறதுக்கு எவ்வளவு நேரமாகுதுங்க?" என்றார்.

இரண்டு நிமிஷம்தான் என்றேன்.

"நல்லதுங்க. உங்களுக்குக் கை சரியாகற வரைக்கும் சௌரியமா இருக்கும்."

நான் உடைந்துபோனேன். என்னை மன்னித்துவிடுங்கள், எனக்குத் தெரியாமல் போய்விட்டது, கிளம்பி வாருங்கள், இங்கேயே இருங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் அழாதீர்கள் அம்மணி, இது ஒரு விஷயமா என்றார். ஊருக்கு வந்ததிலிருந்து நன்றாக இருப்பதாகவும், சமைக்கவும் பழகிவிட்டதாகவும் சொன்னார். வருவீர்களா என்று மறுபடி கேட்டேன்.

"பாக்கலாமுங்க," என்றார்.

தீபாவளிக்கு முந்தின நாள் சீர் கொண்டுவந்தார். பட்டுப் புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி, பலகாரம், ஒரு பை நிறையத் தேங்காய். எனக்காகவே மத்தியானம் வரை இருந்தார். சோறு நன்றாகச் சாப்பிட்டார், ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார், தண்ணீரும் இரண்டு டம்ளர் குடித்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் தங்கிப் பண்டிகை முடித்துப் போகலாம் என்று நானும் மாமியாரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். வீட்டுக்காரரும் சொன்னார். எல்லோருக்கும் சிரிப்பையே பதிலாகக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டார்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடம், தூரப் பயணமாயிற்றே, டேங்க் இப்போது நன்றாக இருக்கிறது, கக்கூஸுக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். ஒருமுறையாவது அவர் உள்ளே போய், அழுத்தி, உடனே வெளியே வருவதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வேகம்.

"வேண்டியதில்லீங்க அம்மணி," என்றார். "இங்க வர்றதுக்கு முந்தியே உக்கடம் பஸ் ஸ்டாண்டுல போயிட்டுத்தானுங்க வந்தேன். போகையிலயும் அங்கயே பாத்துக்கறேன்."

சீர்ப் பையைச் சுமந்துகொண்டு அந்தக் கூட்டத்தில் வரிசையில் நின்றுவிட்டுத்தான் அவர் என் வீட்டுப் படி ஏறியிருக்கிறார். நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.